"தீராத வயிற்று வலி"ன்னு எழுதி முடிச்சிடாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல ஓரமா நாலு வரி செய்தி ஒண்ணு அடிக்கடி வரும். "தீராத வயிற்று வலி, முதியவர் தற்கொலை"ன்னு தலைப்பு, கீழ அவரோட வயசு, ஊரு, தெரு, "நீண்ட நாட்களாக வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர் வாழ்க்கையில் வெறுப்படைந்து"ன்னு ஒரு வரி, அப்பறம் எப்படி செத்தார்ங்கறது, கடைசில போலீசார் விசாரித்து வருகின்றனர். அவ்ளோதான். முன்னாடில்லாம் நானும் இதைப் படிச்சுட்டு பாவம்னு சொல்லிட்டு பக்கத்த திருப்பிடுவேன். இப்ப திருப்ப முடியல ஐயா, ஏன்னா எங்க அப்பாவுக்கும் தீராத வயித்து வலிதான் இருந்துச்சு, அது வயித்துல இல்ல, மனச்சோர்வு நோய்ங்கறது தெரியறதுக்கே எங்களுக்கு பதினோரு மாசம் ஆச்சு.

அப்பாவுக்கு இப்ப 74 வயசு. கவர்மெண்ட் பஸ்ல 31 வருஷம் கண்டக்டர், பாதி சர்வீஸ் மன்னார்குடி தஞ்சாவூர் ரூட்தான், வடுவூர்ல ஏறறவங்க பாதி பேரோட குடும்பக் கதை அவருக்கு தெரியும். ரிட்டயர் ஆனப்ப கூட ஒண்ணும் ஆகல, காலைல டீக்கடை, பேப்பர், பஸ் ஸ்டாண்டுல பழைய ஆளுங்களோட அரட்டைன்னு நல்லாத்தான் இருந்தார். அப்பறம் அம்மாவுக்கு பக்கவாதம் வந்து மூணு வருஷம் படுக்கை. அந்த மூணு வருஷமும் அவர்தான் எல்லாம், குளிப்பாட்டறது, ஊட்டறது, ராத்திரி ரெண்டு தடவ எழுந்து புரட்டிப் படுக்க வைக்கறது. நாங்க பொண்ணு, மருமக எல்லாம் இருந்தும் யாரையும் விட மாட்டார். அம்மா போனப்ப வந்தவங்கல்லாம் "ரெண்டு பேருக்கும் விடுதலை"ன்னு சொன்னாங்க, அவரும் பெருசா அழல. காரியம் முடிஞ்சு அண்ணன் திருப்பூர் கிளம்பிட்டான், நானும் எங்க வீட்டுக்கு வந்துட்டேன், அதே ஊருதான், நாலு தெரு தள்ளி.

ஒரு மூணு மாசம் கழிச்சு ஆரம்பிச்சுது. பாப்பா, என் வயித்துல ஏதோ பந்து மாதிரி உருளுதுன்னார், வாயெல்லாம் கசக்குதுன்னார், ரெண்டு இட்லிக்கு மேல எறங்கல. சரி கேஸா இருக்கும்னு மாத்திரை வாங்கி குடுத்தோம். அப்பறம் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்த டெஸ்ட்டு, ஒரு ஆஸ்பத்திரி மாத்தி இன்னொரு ஆஸ்பத்திரி, எல்லா ரிப்போர்ட்லயும் நார்மல் நார்மல்னு வருது, ஆனா மனுஷன் எட்டு கிலோ எளைச்சுட்டார். ஒரு எடத்துல "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"ன்னு சொல்லி குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. இன்னொரு எடத்துல தூக்கம் வரலன்னு சொன்னதும் அல்பிரசோலம் எழுதிக் குடுத்தாங்க, அதை அஞ்சு மாசம் போட்டார், நாங்களும் அதே சீட்ட காட்டி காட்டி மெடிக்கல்ல வாங்கினோம், ஒரு ராத்திரி பாத்ரூம் போறப்ப தள்ளாடி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. மாத்திரையாலதான் விழுந்தார்னு அன்னைக்கு எங்க யாருக்கும் தோணவே இல்ல.

இப்ப திரும்பிப் பாத்தா எல்லாம் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. காலைல மூணு மணிக்கே முழிச்சுடுவார், அப்பறம் தூக்கமே வராது, அந்த நேரத்துலதான் ரொம்ப மோசமா இருக்கும், சாயந்திரம் கொஞ்சம் தேவலாம்பார். டீக்கடை நின்னு போச்சு. பேப்பர் வந்து திண்ணைல அப்படியே கெடக்கும். பென்ஷன் பணம் எடுத்துட்டு வந்து குடுத்தா முன்னல்லாம் என் முன்னாடியே ரெண்டு தடவ எண்ணுவார், கண்டக்டர் கை அது, இப்ப எண்ணாமயே தலகாணிக்கு அடில வச்சுடுவார். அம்மாவ நான் சரியா பாத்துக்கல, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருக்கணும்னு சொன்னதையே சொல்லுவார். அழுகை இல்ல, புலம்பல் இல்ல, அதனால யாருக்கும் மனசு பத்தின நெனப்பே வரல. நம்ம ஊர்ல பெரியவங்க, அதுலயும் ஆம்பளைங்க, மனசு சரியில்லன்னு வாயால சொல்றது ரொம்ப அபூர்வம், உடம்பு சொல்லும், சத்தே இல்ல, நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் எரியுது, தலை கிறுகிறுன்னு இருக்குன்னு. "இன்னும் எனக்கு சாவு வரலியே"ன்னு ஒரு பாட்டி சொன்னா நாம சிரிச்சுட்டு "நீ நூறு வயசு இருப்ப ஆத்தா"ன்னு சொல்லிட்டு போயிடுவோம், நானும் அப்படி எத்தனையோ பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

அண்ணனுக்கு வேற சந்தேகம், இது மறதி நோயா இருக்குமோன்னு. ஏன்னா எது கேட்டாலும் "தெரியலப்பா", "ஞாபகம் இல்லப்பா"ன்னுதான் பதில். அந்த சந்தேகத்துலதான் தஞ்சாவூருக்கு கூட்டிட்டு போனோம், அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, மனநல டாக்டர்னு போர்டு பாத்ததும் அப்பா வாசல்லயே நின்னுட்டார், "எனக்கென்ன பைத்தியமா"ன்னு. அந்தப் பொண்ணே எழுந்து வெளிய வந்து "ஐயா உள்ள வாங்க, வயித்து வலியப் பத்திதான் கேக்கப் போறேன்"ன்னுச்சு. வயித்து வலியத்தான் முதல்ல கேட்டுது, முழுசா, அவசரமே படாம. அப்பறம்தான் தூக்கம், பசி, பழசு. ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி 15 கேள்வி கேட்டாங்க, பெரியவங்களுக்குன்னே 1980கள்ல அமெரிக்காவுல தயார் பண்ணுன கேள்விங்களாம், வாழ்க்கை வெறுமையா தெரியுதா, வெளிய போறதை விட வீட்லயே இருந்துடலாம்னு இருக்கா, இந்த மாதிரி. மார்க் அஞ்சுக்கு மேல வந்தாலே கவனிக்கணும், அப்பாவுக்கு பதினொண்ணு வந்துச்சு. அப்பறம் என்னை கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லிட்டு, செத்துடலாம்னு நெனப்பு வருதான்னு நேரடியா கேட்டிருக்காங்க. வருதுன்னு சொல்லியிருக்கார். ஐயா, அப்படி கேட்டா இல்லாத நெனப்ப நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம் இருக்கு, எனக்கும் இருந்துச்சு, அப்படி ஆகாதுன்னு டாக்டர் தெளிவா சொன்னாங்க, கேட்டாத்தான் அவங்களுக்கு மனசு லேசாகும்னாங்க. அப்பா வெளிய வந்தப்ப மூஞ்சியப் பாத்தேன், ஒரு வருஷமா தூக்கிச் சுமந்த மூட்டைய இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு.

மறதி நோய் வேற, இது வேறன்னும் சொன்னாங்க. மறதி நோய் உள்ளவங்க மறந்ததை மறைக்கப் பாப்பாங்க, ஏதாவது பதில் சொல்லி சமாளிப்பாங்க, மனச்சோர்வுல இருக்கறவங்க முயற்சி கூட பண்ணாம தெரியலம்பாங்க. ஆனா ரெண்டும் சேந்தும் வரலாம், வயசான காலத்துல முதல் தடவையா வர்ற சோர்வு சில பேருக்கு பின்னாடி வரப்போற மறதிக்கு முன்னோடியாவும் இருக்கலாம், அதனால குணமான பிறகும் கவனிச்சுட்டே இருக்கணும்னாங்க. உடனே மாத்திரை எழுதல, தைராய்டு, ரத்தசோகை, சோடியம், பி12 எல்லாம் பாத்தாங்க. அப்பாவுக்கு பி12 ரொம்ப கம்மி, சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போடறவங்களுக்கு அது கொறையுமாம், இத்தனை வருஷத்துல எங்களுக்கு யாரும் சொல்லல.

யாருக்கு வருதுன்னு கேட்டேன். அவங்க சொன்னதையும் அப்பறம் நானா தேடிப் படிச்சதையும் சேத்து சொல்றேன். துணை போனவங்க, நோயாளிய வருஷக்கணக்கா பாத்துக்கிட்டவங்க, பக்கவாதம், ஹார்ட் அட்டாக், பார்க்கின்சன் வந்தவங்க, சுகர் உள்ளவங்க, தீராத மூட்டு வலி உள்ளவங்க, காது கேக்காதவங்க, கண்ணு மங்கினவங்க, முன்னாடி ஒரு தடவ இந்த சோர்வு வந்து போனவங்க. இதுல அப்பாவுக்கு எத்தனை பொருந்துதுன்னு நானே விரல் விட்டு எண்ணினேன். காது விஷயத்த நாம யாருமே பெருசா எடுத்துக்கறதில்ல, இஞ்சின் சத்தத்துக்கு பக்கத்துலயே 31 வருஷம் இருந்த மனுஷன், டீக்கடைல நாலு பேரு பேசறது பாதி காதுல விழல, விழாததால பேச்சுல கலந்துக்க முடியல, அதான் போறதையே விட்டுட்டார். அதை நாங்க "அப்பாவுக்கு இப்பல்லாம் தனியா இருக்கத்தான் புடிக்குது"ன்னு எடுத்துக்கிட்டோம்.

வேலூர் பக்கம் கணியம்பாடி ஒன்றியத்து கிராமங்கள்ல 65 வயசுக்கு மேல ஆயிரம் பேர வச்சு செஞ்ச ஆய்வு ஒண்ணு 2009-ல வெளிவந்துச்சு. நூத்துக்கு 12.7 பேருக்கு மனச்சோர்வு. அதுல எது எது கூடவே இருந்துச்சுன்னா சுகர், இருதய நோய், கம்மி வருமானம், அதோட பசி. ஆமா ஐயா, பசி. சாப்பாடு இல்லாம இருந்தவங்களுக்கு சோர்வு கூட இருந்துச்சு. பொம்பளையா பொறந்ததோ வயசு கூடறதோ அந்த ஆய்வுல தனி காரணமா நிக்கல. மனசு விட்டுப் பேச ஆளுங்க இருந்தவங்களுக்கு சோர்வு கம்மியா இருந்துச்சு. இதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். வயசானா அப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்களே, வயசு இல்லையே, சோறும் காசும் பேச்சுத் துணையும்தானே. முதியோர் பென்ஷன் பணத்த மட்டும் வச்சுக்கிட்டு தனியா பொங்கித் திங்கற ஆத்தாவுக்கு மாத்திரை மட்டும் குடுத்தா எப்படி சரியாகும், அந்த பென்ஷன் நின்னு போச்சுன்னா தாலுகா ஆபீசுக்கு அலையறதுக்கு ஒரு ஆள் கூட வர்றதும் வைத்தியம்தான்னு நான் நெனைக்கறேன்.

நாடு முழுக்க லாசின்னு ஒரு பெரிய சர்வே 2017-18-ல எடுத்தாங்க, 45 வயசுக்கு மேல 72,000 பேருக்கு மேல. அதுல 60 தாண்டினவங்கள்ல நூத்துக்கு எட்டு பேருக்கு மேல மனச்சோர்வு இருக்கறது கேள்வி கேட்டுப் பாத்தா தெரியுது, ஆனா டாக்டர் எனக்கு இந்த நோய்னு சொல்லியிருக்கார்னு சொன்னவங்க நூத்துக்கு ஒருத்தர் கூட இல்ல. பத்துல ஒருத்தருக்குத்தான் தனக்கு இருக்கறது என்னன்னே தெரிஞ்சிருக்கு, மிச்ச ஒம்பது பேரும் வயித்து வலி, கேஸ், வயசு கோளாறுன்னு அலைஞ்சுட்டு இருக்காங்க. தமிழ்நாட்டுல 2021 கணக்குப்படி நூத்துக்கு 13 பேருக்கு மேல 60 தாண்டினவங்க, கேரளாவுக்கு அடுத்து நாமதான், அப்ப நம்ம தெருவுல எத்தனை பேருன்னு நீங்களே பாத்துக்கோங்க.

இப்ப வைத்தியம். வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு கொண்டாங்கன்னாங்க, கொட்டிப் பாத்தா பதினாலு. சிலது ரெண்டு ஆஸ்பத்திரில ரெண்டு பேருல எழுதின ஒரே மருந்து. ஆஸ்பிரின் போடறவங்களுக்கு மனச்சோர்வு மாத்திரையோட சேந்தா வயித்துல ரத்தக் கசிவு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுமாம், அதுக்கு தனியா பாதுகாப்பு குடுத்தாங்க. எஸ்சிடலோப்ராம்ங்கற மனச்சோர்வு மாத்திரைய 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு ரெண்டு வாரம் கழிச்சு 10 ஆக்கினாங்க, பெரியவங்களுக்கு கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணுமாம். ரெண்டாவது வாரம் சோடியம் டெஸ்ட்டு, ஏன்னா இந்த வகை மாத்திரைல வயசானவங்களுக்கு ரத்தத்துல உப்பு கொறையலாம், கொறைஞ்சா கொழப்பமா பேசுவாங்க, தள்ளாடுவாங்க, அப்படி இருந்தா உடனே கூட்டிட்டு வரணும்னாங்க. அல்பிரசோலத்த ஒரேயடியா நிறுத்தல, கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சாங்க, திடீர்னு நிறுத்தறது ஆபத்து, இதைப் படிக்கறவங்க யாரும் நீங்களா நிறுத்திடாதீங்க.

முதல் ரெண்டு வாரம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. குமட்டல், லூஸ் மோஷன், ஆனா நன்மை ஒண்ணும் தெரியல. அண்ணன் போன்ல "இருக்கற நோவு போதாதுன்னு இது வேறயா, நிறுத்திடு"ன்னான். நானும் நிறுத்தியிருப்பேன், டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லி வச்சதாலதான் நிறுத்தல, கெட்டது முதல் வாரத்துலயே தெரியும், நல்லது தெரிய நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், பெரியவங்களுக்கு அதுக்கு மேலயும் ஆகலாம்னு. பாதி பேரு இந்த எடத்துலதான் விட்டுடறாங்கன்னு நெனைக்கறேன். ஆறாவது வாரம் ஒருநாள் சாயந்திரம் நான் போனப்ப அப்பா வாசல்ல நின்னுட்டு கோவமா இருக்கார், என்னப்பான்னேன், "கடைக்காரன் மீதி ரெண்டு ரூவா கொறைச்சு குடுத்துட்டான் பாப்பா, எங்கிட்டயேவா"ன்னார். நான் சமையக்கட்டுக்குள்ள போயி அழுதேன்.

மாத்திரை மட்டும் இல்ல. அங்க இருந்த கவுன்சிலர் பெரிய தத்துவம் எதுவும் பேசல, அப்பாவ உக்கார வச்சு ஒரு நாளுக்கு டைம் டேபிள் போட்டார், பஸ் டைமிங் மாதிரி. காலைல 6 மணிக்கு எழுந்து நடக்கணும், 6.30 டீக்கடை, மனசு இருந்தாலும் போகணும் இல்லன்னாலும் போகணும். மனசு வரட்டும் அப்பறம் போலாம்னு காத்திருந்தா வராது ஐயா, போனா மனசு பின்னாடியே வரும்னார். கண்டக்டருக்கு டைமிங்னா ஒரு மரியாதை, அதை புடிச்சுக்கிட்டார். காதுக்கு மிஷின் வச்சோம், முதல்ல எரிச்சல் பட்டார், இப்ப டீக்கடை போறப்ப மறக்காம மாட்டிக்கறார்.

இந்த மாதிரி பேச்சு வைத்தியத்துக்கு பெரிய டாக்டர்தான் வேணும்னு இல்லங்கறதுக்கு கோவால செஞ்ச வேலை இருக்கு. 60 தாண்டின, சோர்வோட ஆரம்ப அறிகுறி மட்டும் இருந்த 181 பேர எடுத்துக்கிட்டு, பாதி பேருக்கு பயிற்சி குடுத்த சாதாரண ஆளுங்கள வச்சு, பிரச்சனைய எப்படி ஒவ்வொண்ணா பிரிச்சு தீக்கறது, தூக்கத்த எப்படி சரி பண்றது, சுகர எப்படி பாத்துக்கறது, அரசாங்க உதவிய எப்படி வாங்கறதுன்னு பேசிப் பழக்கினாங்க. 2019-ல முடிவு வந்துச்சு, ஒரு வருஷத்துல அப்படிப் பேசிப் பழகினவங்கள்ல முழு மனச்சோர்வா மாறுனது நூத்துக்கு நாலு பேரு, வழக்கமான கவனிப்பு மட்டும் கெடச்சவங்கள்ல நூத்துக்கு பதினாலு.

சோர்வு ரொம்ப முத்தினா குடுக்கற கரண்ட் ஷாக் வைத்தியம்னு சொன்னாலே சினிமா பாத்து எல்லாரும் பயந்து போயிருக்கோம். எங்க தெருவுலயே ஒரு பெரியம்மா, சோறு தண்ணி எதுவும் தொடாம, நான் பாவி எனக்கு சோறு எதுக்குன்னு சொல்லிட்டு படுத்துட்டாங்க, மாத்திரை வேலை செய்யற வரைக்கும் உடம்பு தாங்காதுன்னு அதைத்தான் குடுத்தாங்க, மயக்க மருந்து குடுத்து தூங்க வச்சு, மயக்க டாக்டர் பக்கத்துலயே இருந்து. மயக்கமும் தசைய தளர்த்தற மருந்தும் இல்லாம குடுக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டமே சொல்லுது. சில நாளுக்கு ஞாபகம் கொஞ்சம் மங்கலா இருந்துச்சு அவங்களுக்கு, ஆனா மூணாவது வாரம் எழுந்து உக்காந்து கஞ்சி கேட்டாங்க.

இப்ப அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள், உங்க பேப்பர் மூலமா. 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பாக்கறாங்க, எங்க தெருவுக்கும் அந்தக்கா வர்றாங்க, அப்பாவுக்கு மாசா மாசம் பிபி பாத்தாங்க, அந்த பதினோரு மாசமும் பாத்தாங்க, பிபி நல்லா இருக்கு ஐயான்னு சொல்லிட்டு போனாங்க. அவங்க மேல குத்தம் இல்ல, கேக்கச் சொல்லி அவங்க கைல ஒரு கேள்வி குடுக்கல. ரெண்டே கேள்வி போதும், போன ரெண்டு வாரமா எதுலயும் நாட்டம் இல்லாம இருக்கா, மனசு சோர்ந்து போயி இருக்கா. ஆமான்னா அந்த பேர எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். மாவட்ட மனநலத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரிகள்லயே மனநல டாக்டர் இருக்காங்க, மாத்திரை இலவசம், நெறைய பேருக்கு தெரியவே தெரியாது.

உங்களுக்கு வேண்டுகோள் வேற. செத்தவர் எப்படி செத்தார்ங்கறத எழுதாதீங்க ஐயா, 2019-ல பிரஸ் கவுன்சிலே அதை எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. அந்த நாலு வரிய அதே நெலமைல இருக்கற இன்னொரு பெரியவர் மூணு மணிக்கு முழிச்சு உக்காந்துட்டு படிக்கறார். வயல் உள்ள வீடுகள்ல பூச்சி மருந்த பூட்டி வைக்கச் சொல்லி எழுதுங்க, காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமத்துல எல்லாரோட மருந்தையும் ஒரே எடத்துல பூட்டி வைக்கற முயற்சிய சென்னை மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமார் செஞ்சு காமிச்சிருக்காங்க, நம்ம டெல்டாவுல ஏன் செய்யக்கூடாது. அதோட, ஆபீஸ் டென்ஷனையும் மன அழுத்தம்னு எழுதறீங்க இந்த நோயையும் மன அழுத்தம்னு எழுதறீங்க, அதனால வீட்ல சும்மா இருக்கற தாத்தாவுக்கு என்ன மன அழுத்தம்னு கேக்கறாங்க, நோயை மனச்சோர்வு நோய்னே எழுதுங்க.

அப்பாவுக்கு மாத்திரை இன்னும் போகுது, நல்லா ஆனாலும் ஒரு வருஷமாவது போடணும்னு சொல்லியிருக்காங்க. அம்மா நெனப்பு வர்றப்ப இப்ப அழறார், அது நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க. இந்த லெட்டர அவருக்கு படிச்சு காட்டிட்டுதான் அனுப்பறேன். பேரு போட வேணாம்னுட்டார். 14416-னு ஒரு நம்பர் இருக்குல்ல, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கெடயாது, அதை மட்டும் நல்லா பெரிய எழுத்துல போடச் சொல்லு, சின்னதா போட்டா வயசானவங்களுக்கு கண்ணு தெரியாதுன்னார்.

இப்படிக்கு
உங்கள் வாசகி,
மன்னார்குடி